பழைய எம்எக்ஸ்-5, பிராண்ட்ஸ் ஹேட்ச் ட்ராக் டே: பிரேக் பெடல் கீழே போகுது, சூடும் ஏறுது. எதை முதலில் பார்ப்பது?

நாலாம்கியர்:

வண்டி 1991 மாடல் மாஸ்டா எம்எக்ஸ்-5, 1.6. எக்ஸாஸ்ட், சஸ்பென்ஷன், 14 இன்ச் வீல் எல்லாம் கம்பெனியோடது. இங்கிலாந்து பிராண்ட்ஸ் ஹேட்ச் ரேஸ் ட்ராக்கோட சின்னச் சுத்தான இண்டி சர்க்யூட்டில், சொந்த வண்டியை ஓட்ட விடுற ட்ராக் டேயில் ஓட்டினப்போ வந்த புகார்கள்:

ஐந்தாறு லேப் ஆனதும் பெடல் மெத்துமெத்துன்னு ஆகி கீழே இறங்குது. ஆறவிட்டா பாதி திரும்பி வருது. பின்னாடி இடது வீல் மட்டும் கை வைக்க முடியாத சூடு. டெம்பரேச்சர் முள் நடுவைத் தாண்டுது. ட்ரூயிட்ஸ் வளைவுலயும் கடைசி நீள வலது வளைவுலயும் இன்ஜின் ஒரு நொடி விட்டுப் பிடிக்குது. முன் இடது டயரோட வெளி ஓரம் மட்டும் தேய்ஞ்சிருக்கு. இன்ஜினும் கியர்பாக்ஸும் சேர்ற இடத்துல ஆயில் ஈரம்.

அடுத்த ட்ராக் டேக்கு மூணு வாரம் இருக்கு. கையில் 500 பவுண்டு. காயில்ஓவர் (உயரம் மாத்தக்கூடிய சஸ்பென்ஷன்) போடலாமா, இல்ல 1.8 வண்டியோட பெரிய பிரேக் தேடலாமா? வேலை வீட்டு வாசல்ல நானே செய்வேன். ஸ்டாண்டும் டார்க் ரெஞ்சும் இருக்கு.

ரெஞ்ச்21:

காயில்ஓவரை இப்போதைக்கு மறந்துடுங்க. நீங்க எழுதினதுல டயர் ஓரம் தவிர எதுவும் சஸ்பென்ஷன் சம்பந்தப்பட்டது இல்லை. அதுவும் அலைன்மென்ட்லயே பெரும்பாலும் சரியாகும். பெரிய பிரேக்கும் வேண்டாம். ரோட் டயர்ல ஓடுற 1.6க்கு, ஒரு டன்னுக்குக் கீழே எடை, முன்னாடி இருக்கிற 235 மில்லிமீட்டர் டிஸ்க் இண்டிக்குப் போதும். இருக்கிற பிரேக் ஒழுங்கா வேலை செய்யணும், அவ்வளவுதான்.

முதல்ல ஒண்ணைப் பிரிச்சுப் பாருங்க. பெடல் கல்லு மாதிரி நின்னும் வண்டி நிக்கலைன்னா பேட் சூடாகி வழுக்குது. பெடல் மெத்துன்னு இறங்கினா பிரேக் ஆயில் கொதிக்குது. உங்களுடையது ரெண்டாவது. பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தைக் குடிக்கும். புது டாட் 4 குறைஞ்சது 230 டிகிரி செல்சியஸ் தாங்கணும், ஈரம் ஏறினதுக்கான அளவு 155 மட்டும்தான். பிஸ்டனுக்குப் பின்னாடி இருக்கிற ஆயில் ஆவியானதும் நீங்க அழுத்துறது ஆயிலை இல்லை, ஆவியை. ஆறினா ஆவி திரும்ப ஆயிலாகும். அதான் பெடல் பாதி வருது.

ஒரு லிட்டர் வாங்குங்க. ஏடிஇ டைப் 200 (280 டிகிரி) இந்த வண்டிக்குப் போதும், மோட்டுல் ஆர்பிஎஃப் 600 (312 டிகிரி) இன்னும் மேல். டாட் 5 சிலிக்கான் ஆயில் பக்கமே போகாதீங்க, டாட் 5.1 வேற, அது பரவாயில்லை. பிரேக் ஆயில் டப்பால இருக்கிற பழசை சிரிஞ்சால உறிஞ்சிட்டு, புதுசு ஊத்தி, பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலதுன்னு பிரேக் லைன்ல ஏர் எடுங்க. வலது பக்க ஸ்டியரிங் வண்டிக்கு இந்த வரிசை. நிறம் மாறி சுத்தமா வர்றவரை விடுங்க, டப்பா நடுவுல காலியாகக் கூடாது.

ரெண்டு பேர் சேர்ந்து செய்யும்போது எல்லாரும் கோட்டை விடுற இடம்: பெடலைத் தரைவரை மிதிக்கக் கூடாது. முப்பது வருஷமா மாஸ்டர் சிலிண்டரோட முன்பாதியில மட்டும் ஓடின ரப்பர் சீல், துரு பிடிச்ச மறுபாதியில உரசிக் கிழியும். பெடலுக்கு அடியில ஒரு மரத்துண்டு வெச்சுடுங்க.

இடது பின் வீல் சூடு தனிக் கதை. இந்த வண்டியில ஹேண்ட் பிரேக் பின் காலிப்பர்லயே (பேட்டை டிஸ்க்ல அழுத்துற பாகம்) வேலை செய்யுது. லிவர் தண்டோட ரப்பர் கிழிஞ்சு தண்ணி போனா லிவர் பாதியிலயே நிக்கும், பேட் டிஸ்க்கை விடாது. கேபிளைக் கழட்டிட்டு லிவரைக் கையால இழுத்து விடுங்க, ஸ்டாப்பர்ல டக்குன்னு வந்து இடிக்கணும். ஸ்லைடு பின் ரெண்டும் விரலால தள்ளினா நகரணும். உள் பேட் தேய்ஞ்சு வெளி பேட் அப்படியே இருந்தா ஸ்லைடு பின்தான் குற்றவாளி. பின்னை சுத்தம் பண்ணி பிரேக்குக்கான சிலிக்கான் கிரீஸ் மட்டும் போடுங்க, சாதா கிரீஸ் ரப்பரை ஊத வெச்சுடும்.

பின் பிஸ்டனை ஜி கிளாம்ப் போட்டு அமுக்காதீங்க, உள்ளே இருக்கிற அட்ஜஸ்டர் உடையும். காலிப்பர் பின்புறம் ஒரு போல்ட் மூடி இருக்கும். அதைக் கழட்டினா உள்ளே 4 மில்லிமீட்டர் ஆலன் கீ போகும். இடப்பக்கமா சுத்தினா பிஸ்டன் உள்ளே போகும். பேட் மாட்டினதும் வலப்பக்கமா டிஸ்க் பிடிக்கிறவரை சுத்தி, மூணுல ஒரு சுத்து திரும்ப விடுங்க. இதைச் செய்யாததால ஹேண்ட் பிரேக் தொங்குதுன்னு கேபிளை முறுக்குறவங்க நிறைய, அதுவே அடுத்த பிரேக் பிடிப்புக்குக் காரணமாகும்.

பேட் முன்னும் பின்னும் மின்டெக்ஸ் எம்1144. பாதிக்குக் கீழே தேய்ஞ்ச பேட்டோட ட்ராக் போகக் கூடாது, பேட் மெலிய மெலிய டிஸ்க் சூடு நேரா பிஸ்டனுக்கும் ஆயிலுக்கும் போகும். முன் டிஸ்க் புதுசுல 18 மில்லிமீட்டர், 16க்கு வந்துட்டா குப்பை.

சில்லுப்பொடியன்:

பிறேக் கதையை ரெஞ்ச் வடிவாச் சொல்லிட்டார். சூட்டுப் பக்கம் நான் சொல்லுறன்.

உந்த முள்ளை நம்பாதேங்கோ. நடுவுக்குக் கிட்ட கனநேரம் அசையாமல் நிக்கும். அது அசையத் தொடங்கிட்டுது எண்டால் தண்ணி ஏற்கெனவே கனக்கச் சூடேறிட்டுது எண்டு அர்த்தம்.

முதல் வேலை, காரைத் தூக்கி மூக்குக்குக் கீழ பாருங்கோ. றேடியேற்றருக்கு முன்னால ஒரு பிளாஸ்ரிக் அடித்தட்டு இருக்க வேணும். ஒயில் மாத்தேக்குள்ள கழட்டிப்போட்டுத் திருப்பிப் பூட்டாமல் விட்ட கார்கள் எத்தினையோ. அது இல்லாட்டி வேகத்தில வாற காத்து றேடியேற்றருக்குள்ளால போகாமல் கீழால வழுக்கிப் போயிடும். ரோட்டில ஒண்டும் தெரியாது, ட்ராக்கில மட்டும் சூடேறும். பக்க இடைவெளியளையும் ஸ்பொஞ்ச் வைச்சு அடையுங்கோ.

ரெண்டாவது, றேடியேற்றரின்ர மேல் தண்ணித் தாங்கி. புதுசில கறுப்பு. பழுப்புப் பச்சையாய் மாறியிருந்தால் பிளாஸ்ரிக் செத்துப்போச்சு, வெடிக்கிறதுக்கு நாள் பாத்துக்கொண்டு நிக்குது. றேடியேற்றர், மேல் கீழ் ஹோஸ், தேர்மோஸ்ராற், மூடி எல்லாத்தையும் ஒரே தரத்தில மாத்துங்கோ. தேர்மோஸ்ராற்றில இருக்கிற சின்னக் காத்தோட்டை மேல் பக்கம் நிக்கோணும். மொத்தம் 6 லீற்றர் பிடிக்கும், பாதி கூலன்ற், பாதி வடிச்ச தண்ணி. நிரப்பேக்குள்ள மூக்கை உயர்த்தி, ஹீற்றரை முழுச் சூட்டில விட்டு, எஞ்சின் ஓடேக்குள்ள மேல் ஹோஸைப் பிசைஞ்சு காத்தை வெளியில எடுங்கோ.

பின்பக்க ஒயில் ஈரத்துக்கு உடன கிராங் சீல் எண்டு கியர்பொக்ஸை இறக்க வெளிக்கிடாதேங்கோ. ஹெட்டின்ர பின்னால காம் ஆங்கிள் சென்சர் இருக்கு. அதின்ர ஓ-றிங் காய்ஞ்சு கல்லாப் போறது இந்தக் காரின்ர பிறவி நோய். ஒயில் அங்கயிருந்து ஹெட் பின்பக்கமா இறங்கி எஞ்சினும் கியர்பொக்ஸும் சேருற பெல்ஹவுசிங்கில சொட்டும், வழியில ஹீற்றர் ஹோஸையும் ஊறப் பண்ணும். சென்சர் நிக்கிற இடத்தைப் பெயின்ற்றால கோடு போட்டு அடையாளப்படுத்திப்போட்டு, ஒற்றை 12 மில்லிமீற்றர் போல்ற்றைக் கழட்டி, புது றிங் போட்டு, அதே கோட்டில திருப்பி வையுங்கோ. கோடு போட மறந்தால் தீப்பொறி நேரத்தைப் பாக்கிற டைமிங் லைற் தேட வேண்டி வரும். இடம் ஒடுக்கம், கை கீறும். ட்ராக்கில ஒயில் சொட்டினால் கொடி காட்டி வெளியில கூப்பிடுவினம், அதால இதைத் தள்ளிப்போடாதேங்கோ.

பழையஇரும்பு:

ரெண்டு பேரும் தொடாததை மட்டும் எழுதறேன்.

இன்ஜின் விட்டுப் பிடிக்கிறது கோளாறே இல்லை. டேங்க் 45 லிட்டர். கால்வாசிக்குக் கீழே இறங்கினா நீள வலது வளைவுல பெட்ரோல் ஒரு பக்கமா ஒதுங்கி பம்ப் காத்தை உறிஞ்சும். அரை டேங்குக்குக் கீழே ட்ராக்குல இறங்காதீங்க, செலவு பூஜ்யம். அரைக்கு மேலயும் அப்படியே இருந்தா ஃபில்டரைப் பாருங்க.

டயர் ஓரம்: இண்டி கடிகாரச் சுற்று, வலது வளைவுகள்தான் அதிகம், பேடக் ஹில்லும் ட்ரூயிட்ஸும் முழு எடையையும் இடது முன் டயர்ல ஏத்தும். முன் கேம்பர் (வீல் மேல்பக்கம் உள்ளே சாயுற அளவு) மைனஸ் ஒன்றரை டிகிரி, பின் அதே அல்லது கொஞ்சம் கூட, முன் டோ (வீல் முன்பக்கம் உள்ளே வெளியே திரும்புற அளவு) பூஜ்யம், பின்னாடி கொஞ்சமா டோ-இன். ரோட்டுக்கும் இது ஒத்துவரும். சிக்கல் என்னன்னா, கீழ் ஆர்ம்ல இருக்கிற கேம்பர் போல்ட் புஷ் குழாயோட துருப்பிடிச்சு ஒட்டியிருக்கும். அலைன்மென்ட் கடைக்குப் போய் நின்னப்புறம் அது தெரிஞ்சா அன்னைக்கு நாள் போச்சு. இன்னைக்கே துரு ஆயில் அடிக்க ஆரம்பிங்க, ஒரு வாரம் விட்டு விட்டு அடிங்க. அசைஞ்சா அதிர்ஷ்டம். அசையலைன்னா போல்ட்டை அறுத்து, புஷ்ஷோட புதுசு போடறதைத் தவிர வழியில்லை. அந்த வேலையை மூணு வாரத்துக்குள்ள ஆரம்பிக்காதீங்க.

1991ன்னா கிராங்க் புல்லியையும் (இன்ஜின் முன்னாடி பெல்ட் ஓடுற சக்கரம்) பாருங்க. முன்முகத்துல நாலு வெட்டு இருந்தா குட்டை மூக்கு கிராங்க், எட்டு இருந்தா நீள மூக்கு. குட்டை மூக்குல போல்ட் சரியா முறுகாம இருந்தா புல்லியைப் பிடிக்கிற சாவி (சின்ன உலோகத் துண்டு) அதோட பள்ளத்துல ஆடி ஆடி அகலமாக்கும், டைமிங் பின்வாங்கும், கடைசியில கிராங்க்கே போகும்.

நாலாம்கியர்:

பிரிச்சுப் பார்த்துட்டேன். இடது பின் லிவர் பாதியில நிக்குது, உள் பேட் 2 மில்லிமீட்டர், வெளி பேட் 7. அடித்தட்டு இல்லவே இல்லை. றேடியேட்டர் மேல்பக்கம் பழுப்பு. புல்லியில நாலு வெட்டு. இப்போ கேள்வி: காலிப்பரைப் பிரிச்சு ரிப்பேர் கிட் போடலாமா? நாலு வெட்டுக்குப் பயப்படணுமா? டைமிங் பெல்ட் எப்போ மாத்தினதுன்னு பேப்பர் இல்லை.

ரெஞ்ச்21:

பின் காலிப்பருக்கு வெறும் சீல் கிட் வாங்காதீங்க. உள்ளே லிவர் தண்டு துரு அரிச்சிருந்தா புது சீலும் ஒரு குளிர்காலத்துல போயிடும். பழசைக் கொடுத்து ரீகண்டிஷன் பண்ணினதை வாங்குங்க, ரெண்டு பக்கமும் சேர்த்து. ஒரு பக்கம் மட்டும் புதுசா இருந்தா ஹேண்ட் பிரேக் எம்ஓடி (வருஷாந்திர வண்டித் தகுதி) சோதனையில சமமா காட்டாது.

பணம் போற வரிசை: பிரேக் ஆயில், ரெண்டு காலிப்பர், பேட், றேடியேட்டரும் ஹோஸும், அடித்தட்டு. மிச்சம் இருந்தா அலைன்மென்ட்.

பழையஇரும்பு:

நாலு வெட்டுன்னா உடனே சாவு இல்லை. ஐடிலிங்ல விட்டு புல்லியைப் பக்கவாட்டுல உத்துப் பாருங்க. தள்ளாடலைன்னா, டைமிங்கும் சரியா இருந்தா, சும்மா போல்ட்டைக் கழட்டிப் பார்க்காதீங்க. தள்ளாடினா ட்ராக் வேண்டாம்.

பேப்பர் இல்லாத பெல்ட்டை மாத்தத்தான் வேணும், கம்பெனி கணக்கு 60,000 மைல். இந்த 1.6ல பெல்ட் அறுந்தாலும் வால்வு பிஸ்டன்ல இடிக்காது, அதனால இந்த மூணு வாரத்துக்குள்ளன்னு அவசரம் இல்லை. மாத்தும்போது கிராங்க் புல்லிக்குப் புது போல்ட், புது சாவி, 108லிருந்து 118 நியூட்டன் மீட்டர். இணையத்துல நீள மூக்குக்கான 157க்கு மேற்பட்ட எண் நிறைய சுத்துது, அதைக் குட்டை மூக்குல போட்டுடாதீங்க. பள்ளம் லேசா தேய்ஞ்சிருந்தா லாக்டைட் 660 போட்டு உட்கார வைக்கிற வழி ஒண்ணு உண்டு, நல்லாவே நிக்கும்.

சில்லுப்பொடியன்:

அண்டைக்கு வேண்டியதையும் சொல்லிவிடுறன். சாதாரண இன்சூரன்ஸ் ட்ராக்கில அநேகமாச் செல்லாது, நாளுக்கு எடுக்கிறது தனி. திறந்த காருக்கு ரோல் பார் கேப்பினமோ எண்டதை நடத்துறவையிட்டக் கேளுங்கோ, ஆளுக்கு ஆள் விதி வேற. இழுக்கிற கொக்கி முன்னுக்கும் பின்னுக்கும் இருக்கோணும். சத்தம் குழாயிலயிருந்து அரை மீற்றரில, 45 பாகையில, உச்ச சுழற்சியின்ர முக்கால்வாசியில அளப்பினம். கொம்பனி எக்ஸோஸ்ற் எண்டால் பயமில்லை. பூட்டுக்குள்ள (டிக்கி) இருக்கிற கார் தூக்கிற ஜக்கு, ஸ்பெயர் சில்லு எல்லாத்தையும் இறக்குங்கோ, ஆனால் பற்றரி பின்னுக்குத்தான் இருக்கு, அதின்ர பட்டி இறுக்கமோ எண்டு பாருங்கோ.

ஒரு தரத்தில பத்துப் பன்னிரண்டு நிமிசத்துக்கு மேல ஓடாதேங்கோ, கடைசி லாப்பை பிறேக் தொடாமல் ஆறுதலாய்ச் சுத்துங்கோ. பிற்றுக்கு வந்து ஹேண்ட் பிறேக் இழுக்கக் கூடாது, சூட்டுப் பேட் டிஸ்க்கில அச்சுப் பதிச்சுவிடும். கியரில விட்டு சில்லுக்குக் கட்டை வையுங்கோ. ஆறினாப்பிறகு நட்டுகளை 110 நியூட்டன் மீற்றரில சரி பாருங்கோ.

ரயர் காலமை குளிரில 26 பிஎஸ்ஐ. முதல் ஓட்டத்தோட 31, 32க்கு ஏறும், சூட்டோட 30க்கு இறக்குங்கோ. இடது பக்கம் கூட ஏறும், அதால நாலையும் தனித்தனியாப் பாருங்கோ. பின்னேரம் வீட்டை வெளிக்கிட முதல் திருப்பிக் காத்தடிக்க வேணும், இல்லாட்டி அடுத்த நாள் காலமை குளிரில 26க்குக் கீழதான் நிக்கும். சின்னப் பம்ப் ஒண்டு கொண்டு போங்கோ.