புதிய கார் கொட்டேஷனில் எந்தத் தொகையில் பேரம் பேசுவது?

கேள்வி (திருச்சி, நவம்பர் 2025 இறுதி வாரம்)

அனைவருக்கும் வணக்கம். நான் அரசுப் பள்ளி ஆசிரியர். பதினோரு ஆண்டுகளாக ஓட்டிய பழைய காரைக் கொடுத்துவிட்டு, நான்கு மீட்டருக்கு உட்பட்ட, 1197 சி.சி. பெட்ரோல் கார் ஒன்றை வாங்க முடிவு செய்திருக்கிறேன். ஷோரூமில் கொடுத்த கொட்டேஷன் இது: எக்ஸ்-ஷோரூம் விலை (சாலை வரியும் காப்பீடும் சேராதது) 7,40,000, சாலை வரி 13 சதவீதம், அதாவது 96,200, காப்பீடு 42,300, கையாளும் கட்டணம் 7,500, துணைப்பொருட்கள் 18,500, கூடுதல் ஆண்டுகளுக்கான வாரண்டி 13,500, பதிவு, எண் பலகை, ஃபாஸ்டேக் சேர்த்து 3,000. மொத்தம் 9,21,000 ரூபாய். இதில் 25,000 தள்ளுபடி தருவதாகச் சொல்கிறார்கள். அதிலும் 15,000 ரூபாய் பழைய காரை அவர்களிடமே கொடுத்தால்தான் கிடைக்கும். பழைய காருக்கு அவர்கள் சொல்லும் விலை 1,10,000.

இன்னும் குறையுங்கள் என்று கேட்டபோது, செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கான ஜி.எஸ்.டி. 28-இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டதால் இனித் தள்ளுபடிக்கு இடமே இல்லை என்றும், ஜனவரியில் விலை ஏறும் என்பதால் உடனே பணம் கட்டிவிடுங்கள் என்றும் விற்பனையாளர் கூறினார். மார்கழியில் வண்டி எடுக்க என் தாயார் சம்மதிக்க மாட்டார். எனக்குப் பேரம் பேசிப் பழக்கமில்லை. எங்கிருந்து தொடங்குவது என்று அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1 (கோயம்புத்தூர்)

ஐயா, நான் எட்டு ஆண்டுகள் ஒரு ஷோரூமில் விற்பனைப் பிரிவில் பணியாற்றியவன். நீங்கள் கொட்டேஷனை வரி வரியாக எழுதியிருப்பதே பாதி வேலை முடிந்ததற்குச் சமம். பெரும்பாலானோர் கடைசித் தொகையை மட்டும் பார்த்து, 'ரவுண்டாகப் போட்டுக் கொடுங்கள்' என்று கேட்டு, ஐயாயிரம் குறைந்த மகிழ்ச்சியில் கையெழுத்திட்டுவிடுவார்கள்.

முதலில், வரி குறைந்ததால் தள்ளுபடி இல்லை என்ற வாதத்தை ஏற்காதீர்கள். குறைந்தது அரசுக்குப் போக வேண்டிய பணம்; டீலரின் பங்கு அதனால் சுருங்கவில்லை. சிறிய காரின் எக்ஸ்-ஷோரூம் விலையில் டீலருக்குக் கிடைக்கும் லாபம் குறைவுதான் என்பது உண்மை. ஆனால் அவர்களுடைய வருமானத்தின் பெரும்பகுதி காப்பீட்டுக் கமிஷன், துணைப்பொருட்கள், கடன் ஏற்பாட்டுக்கு வங்கி தரும் தொகை, பழைய காரை மறுவிற்பனை செய்வது ஆகியவற்றிலிருந்தே வருகிறது. ஆகவே 7,40,000 என்ற எண்ணோடு மல்லுக்கட்டுவதைவிட, அதற்குக் கீழே உள்ள மற்றத் தொகைகளில் பேசுவதே பலன் தரும்.

கையாளும் கட்டணத்தை முழுவதுமாக நீக்கச் சொல்லுங்கள். வண்டியைக் கிடங்கிலிருந்து கொண்டுவந்து, கழுவித் துடைத்து, உங்கள் கையில் கொடுப்பது டீலரின் வேலை; அதற்குத் தனியாகப் பணம் கேட்கச் சட்டத்தில் இடமில்லை. இதை எழுத்தில் விளக்குங்கள் என்று பணிவாகக் கேட்டாலே அந்தக் கட்டணம் மறைந்துவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். துணைப்பொருட்களின் பட்டியலைக் கேட்டு வாங்கி, கால்மிதி, மட்கார்டு போன்ற தேவையானவற்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய காரின் விலையைப் புதிய காரின் பேச்சோடு கலக்காதீர்கள். நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது இதைத்தான். இரண்டையும் ஒன்றாகப் பேசினால், இந்தப் பக்கம் பத்தாயிரம் கூட்டிக் கொடுத்து அந்தப் பக்கம் பதினைந்தாயிரம் எடுத்துக்கொள்வது எங்களுக்கு மிக எளிதாக இருந்தது. முதலில் புதிய காரின் இறுதி விலையை எழுதி வாங்குங்கள். அதன் பிறகு பழைய காரை எடுத்துப் பேசுங்கள். வெளியில் விற்றாலும், பெயர் மாறிய ஆர்.சி. (வண்டியின் பதிவுச் சான்று) நகலைக் குறிப்பிட்ட நாட்களுக்குள் கொடுத்தால், பழைய காருக்கான அந்தத் தள்ளுபடியை, அதாவது எக்ஸ்சேஞ்ச் போனஸை, தரும் நிறுவனங்கள் உண்டு. உங்களுக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். ஆனால் வெளியில் விற்கும்போது ஆர்.சி. பெயர் மாறுவதை நீங்களே உறுதி செய்ய வேண்டும். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்துக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்திருக்கிறது.

பதில் 2 (மதுரை)

ஆசிரியருக்கு வணக்கம். சென்ற ஆண்டு நாங்கள் கார் வாங்கியபோது அதிகம் மிச்சமானது காப்பீட்டில்தான் என்பதால் அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். ஷோரூமில்தான் காப்பீடு எடுக்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. புதிய காருக்கு மூன்று ஆண்டுகளுக்கு மூன்றாம் நபர் காப்பீடு (நம் வண்டியால் பிறருக்கு ஏற்படும் பாதிப்புக்கானது) கட்டாயம். 1000 முதல் 1500 சி.சி. வரையிலான கார்களுக்கு நான் எடுத்தபோது அது 10,640 ரூபாய், வரி தனி. அது எங்கே எடுத்தாலும் ஒரே தொகை. வேறுபடுவது சொந்தச் சேதத்துக்கான பகுதியும் அதோடு சேர்க்கும் கூடுதல் பாதுகாப்புகளும்தான். எனவே ஷோரூம் தந்த பாலிசியில் வண்டியின் காப்பீட்டு மதிப்பு எவ்வளவு, எந்தெந்தக் கூடுதல் பாதுகாப்புகள் இருக்கின்றன என்று குறித்துக்கொண்டு, அதே அளவில் வேறு இரண்டு நிறுவனங்களிடம் விலை கேளுங்கள்.

உங்கள் பழைய காருக்குத் தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் இழப்பீடு கோராமல் இருந்திருந்தால், சொந்தச் சேதப் பகுதியில் 50 சதவீதம் வரை நோ கிளைம் போனஸ் என்ற தள்ளுபடி உங்களுக்கு உண்டு. அது காருக்கு உரியது அல்ல, உங்களுக்கு உரியது. பழைய காரைக் கொடுத்ததற்கான ஆவணத்தைக் காட்டிப் பழைய காப்பீட்டு நிறுவனத்திடம் சான்றிதழ் வாங்கினால், புதிய காருக்கு அதைப் பயன்படுத்தலாம். எங்களிடம் ஷோரூமில் இதைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

பதில் 3 (சேலம்)

கடன் வாங்குவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. ஷோரூமில் '5.5 சதவீதம்தான்' என்று சொன்னால், அது ஃபிளாட் வட்டியா (கடைசி வரை முழுக் கடனுக்கும் கணக்கிடுவது), குறையும் நிலுவைக்கான வட்டியா (கட்டியது போக மீதிக்கு மட்டும் கணக்கிடுவது) என்று கேளுங்கள். ஐந்து லட்சத்துக்கு ஐந்து ஆண்டுகள் ஃபிளாட்டாக 5.5 சதவீதம் என்றால் மாதத் தவணை 10,625 ரூபாய். வங்கியில் குறையும் நிலுவைக்கு 10 சதவீதம் என்றாலும் ஏறத்தாழ அதே தவணைதான் வரும்.

மார்கழி பற்றி: ஆண்டின் கடைசியில் இருப்பைத் தீர்க்க ஷோரூம்கள் முனையும் நேரமும், மார்கழிக்காக நம் மக்கள் ஒதுங்கும் நேரமும் ஒன்றாக வருவதால், டிசம்பர் பிற்பகுதி பேரத்துக்கு உகந்தது. ஆனால் இப்போது பணத்தைக் கட்டிவிட்டுத் தை மாதம் வண்டி எடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பில் போட்டுப் பதிவும் செய்துவிட்டால், வண்டி ஷோரூம் கூரையின் கீழ் நிற்கும்போதே காப்பீட்டு நாட்கள் ஓடத் தொடங்கிவிடும். பதிவைத் தைக்குத் தள்ளினாலோ, ஆர்.சி.யில் உற்பத்தி ஆண்டு 2025 என்றே இருக்கும்; நான்கைந்து ஆண்டுகளில் விற்க நினைப்பவருக்கு அது இழப்பு. அம்மாவின் மனமும் நோகாமல் இருக்க, டிசம்பர் 16-இல் மார்கழி பிறப்பதற்கு முன் எடுப்பதே நல்லது. பணம் கட்டும் முன் சேசிஸ் எண்ணை (ஒவ்வொரு வண்டிக்கும் உரிய தனி அடையாள எண்) வாங்கி, உற்பத்தி மாதத்தைச் சரிபாருங்கள். கார் நிறுவனம் வண்டியோடு தரும் படிவம் 22-இல் அது இருக்கும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களையும் பாருங்கள்; முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு.

கேட்டவரின் பதில் (டிசம்பர் 13)

உதவிய அனைவருக்கும் நன்றி. வண்டியை நேற்று, வெள்ளிக்கிழமை எடுத்துவிட்டோம். நடந்ததை எழுதினால் இன்னொருவருக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன்.

பக்கத்து மாவட்டத்தில் அதே நிறுவனத்தின் வேறொரு டீலரிடம் எழுத்தில் கொட்டேஷன் வாங்கிக்கொண்டு, திருச்சி ஷோரூமுக்கு நவம்பர் 29 மாலை சென்றேன். விற்பனையாளரை விட்டுவிட்டு மேலாளரிடம் பேச அனுமதி கேட்டேன். கையாளும் கட்டணம் ஐந்து நிமிடத்தில் நீங்கியது. துணைப்பொருட்களில் 4,500 ரூபாய்க்கு மட்டும் எடுத்தேன். காப்பீட்டை நோ கிளைம் போனஸுடன் வெளியில் 29,800 ரூபாய்க்கு எடுத்தேன். அதைச் சொன்னபோது அவர்கள் முகம் வாடியது, ஆனால் மறுக்கவில்லை. கூடுதல் வாரண்டியில் மட்டும் ஒரு ரூபாயும் குறைக்கவில்லை. என் மனைவி அது வேண்டும் என்றதால் அதே விலைக்கு வாங்கினோம். தள்ளுபடி 38,000 ஆனது. அதில் 15,000 எக்ஸ்சேஞ்ச் போனஸ், ஆர்.சி. பெயர் மாற்றத்தைக் காட்டினால் தருவதாக மேலாளர் கையெழுத்திட்டுக் கொடுத்தார். முன்பு 25,000 தள்ளுபடி போக 8,96,000 ஆக இருந்த தொகை 8,49,000 ஆகக் குறைந்தது.

பழைய காரை உடன் பணிபுரியும் ஆசிரியரின் தம்பி 1,38,000-க்கு வாங்கிக்கொண்டார். அவருடன் நானே ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குச் சென்று பெயர் மாற்றத்தை முடித்தேன். நாங்கள் விரும்பிய நீல நிறம் அக்டோபர் உற்பத்தியில் இல்லை; மே மாதத்து வண்டியாகத்தான் இருந்தது. அதனால் சாம்பல் நிறத்தை எடுத்தோம். அம்மா முன் இருக்கையில் அமர்ந்து சமயபுரம் வரை வந்தார்.