தோல் வண்டுகள் ஆட்டுத் தலையைத் தொடவே மாட்டேன் என்கின்றன, உதவுங்கள்

எலும்புக்கூடை:
வணக்கம். மண்டையோடு சுத்தம் செய்ய நான்கு மாதமாக, சதையைத் தின்று எலும்பை விட்டுவிடும் டெர்மெஸ்டெஸ் மாகுலேட்டஸ் என்ற தோல் வண்டுகள் வளர்க்கிறேன். ஓர் எலி, இரண்டு முயல் தலைகளை அழகாக முடித்துக் கொடுத்தன. இப்போது முதல் முறையாகப் பெரிதாக, கொம்பில்லாத ஓர் ஆட்டுத் தலை வைத்தேன். இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது. முதல் இரண்டு நாள் கன்னப் பக்கம் கொஞ்சம் கடித்தன. அப்புறம் எல்லாம் மூலையில் ஒதுங்கிவிட்டன. முன்பெல்லாம் மூடியில் காதை வைத்தால் காய்ந்த சருகை மெல்ல மிதிப்பது போல ஒரு சத்தம் விடாமல் கேட்கும். மூன்று நாளாக அதுவும் இல்லை. வாடை தாங்க முடியவில்லை. நேற்று ஒரு வண்டைத் திருப்பிப் பார்த்தேன். வயிறு வழக்கம்போல் வெள்ளையாகத்தான் இருக்கிறது, ஆனால் கால் இடுக்குகளில் மணல் தூவியது போல வெளிறிய புள்ளிகள். உற்றுப் பார்த்தால் அவை நகர்கின்றன. கூட்டமே செத்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

இரவுப்பூச்சி:
தொட்டிக்குள் வெப்பம் எவ்வளவு? 25 முதல் 30 டிகிரிக்குள் இருந்தால் நன்றாகத் தின்னும். 20-க்குக் கீழே போனால் மந்தமாகிவிடும். வண்டும் புழுவும் சேர்த்து எத்தனை இருக்கும்? தலையை எப்படித் தயார் செய்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

எலும்புக்கூடை:
27 டிகிரி. எல்லாம் சேர்த்து முந்நூறு இருக்கலாம். தோலை உரித்து, கண்களையும் நாக்கையும் எடுத்துவிட்டேன். மூளையை எடுக்கவில்லை, அதையும் அவையே தின்னும் என்று நினைத்தேன். ஃப்ரீசரில் இருந்த தலை. முந்தைய இரவு வெளியே எடுத்து, உறைநீர் விட்டதும் அப்படியே வைத்தேன். காய்ந்துவிடக் கூடாது என்று தினமும் இரண்டு முறை தண்ணீர் தெளித்தேன்.

பழையபட்டறை:
நண்பரே, நீங்கள் நல்லதென்று நினைத்துத் தெளித்த அந்தத் தண்ணீர்தான் சிக்கல். இந்த வண்டுகள் காய்ந்த பிணத்துக்கு வருபவை. ஈரமாக இருக்கும்போது இறைச்சி ஈக்களுக்கும் பாக்டீரியாவுக்கும் சொந்தம். காய ஆரம்பித்த பிறகுதான் இவற்றின் முறை. வழவழவென்று அழுகிக்கொண்டிருக்கும் சதையை இவை சீந்தாது. தலையைத் தூக்கி அடிப்பக்கம் பாருங்கள். படுக்கையில் பட்ட இடம் பிசுபிசுவென்று இருக்கும், அதன் கீழே ஒரு புழுகூட இருக்காது.

நகரும் புள்ளிகள் சிற்றுண்ணிகள். ஈரம் இருக்கும்வரை பெருகிக்கொண்டே போகும். மருந்து எதுவும் அடித்துவிடாதீர்கள், உண்ணியைக் கொல்வது வண்டையும் கொல்லும். ஈரத்தை நிறுத்துவதுதான் வழி.

இன்றே ஒரு காய்ந்த தொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். புதுப் பஞ்சு, புழுக்கள் குடைந்து கூட்டுப்புழு ஆக ஒரு தெர்மோகோல் துண்டு. உண்ணி இல்லாத வண்டுகளையும் புழுக்களையும் மட்டும் பொறுக்கி மாற்றுங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் குறுக்கு வழி கிடையாது. புழுக்களைக் காப்பாற்றுவதில் கவனம் வையுங்கள், சதையில் பெரும்பங்கைத் தின்பவை அவைதான். பழைய படுக்கையை ஃப்ரீசரில் சில நாள் வைத்த பிறகே குப்பையில் போடுங்கள்.

தலையை வெளியே எடுத்து மூளையை நீக்குங்கள். பிடரிப் பக்கம் தண்டுவடம் நுழையும் ஓட்டை வழியாக, முனை வளைத்த கம்பியை விட்டுச் சுழற்றி, தண்ணீரைப் பீய்ச்சினால் கூழாக வந்துவிடும். கனமான தசைகளையும் கத்தியால் வெட்டிவிடுங்கள். அதன்பின் மின்விசிறிக்கு முன்னால் இரண்டு நாள். விரலில் ஈரம் ஒட்டாமல், மேற்பரப்பு பழைய தோல் வார் போல ஆனதும் வையுங்கள்.

நீரூறல்:
எனக்கு வேறு கருத்து. முந்நூறு வண்டுக்கு ஓர் ஆட்டுத் தலை மிகப் பெரிது. அவை ஒரு பக்கம் முடிப்பதற்குள் மறுபக்கம் கெட்டுவிடும். ஏற்கெனவே அழுகத் தொடங்கிய தலையை மூடி போட்ட வாளியில் வெதுவெதுப்பான நீரில் ஊறப்போட்டால் பாக்டீரியாவே சதையைக் கழற்றிவிடும். நாற்றம் உண்டு, எலும்புக்குக் கெடுதல் இல்லை. தண்ணீர் மாற்றும்போது சல்லடையில் வடிகட்டுங்கள், முன்பற்கள் கழன்று விழும்.

பழையபட்டறை:
இது சரியான யோசனை. இந்தத் தலையை நீரில் ஊறப்போடுவதே நல்லது, என் பதிலில் அவசரப்பட்டுவிட்டேன். வண்டுகளுக்குக் காய்ந்த சிறு இறைச்சித் துண்டுகளைக் கொடுத்துத் தேற்றுங்கள். பட்டினி போடாதீர்கள், பசித்தால் கூட்டுப்புழுக்களையே தின்றுவிடும். முட்டையிலிருந்து வண்டாக ஐந்தாறு வாரம் ஆகும், அதுவரை பொறுமை வேண்டும். இன்னொன்று: கண்ணாடி வழுக்கும் என்று நம்பி மூடியைத் திறந்து வைக்காதீர்கள். மூலைகளில் உள்ள சிலிக்கான் பசையைப் பிடித்துப் புழுக்கள் ஏறிவிடும். தூசி பறக்கும் வேலையின்போது முகக்கவசம் போடுங்கள், புழுவின் மயிர்களும் கழிவும் ஒவ்வாமை தரும்.

எலும்புக்கூடை (ஏழு வாரம் கழித்து):
உங்கள் மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சுமார் நூற்றெண்பது உயிர்களைக் காப்பாற்ற முடிந்தது. உண்ணிகள் மறைந்துவிட்டன. தெர்மோகோலை உடைத்துப் பார்த்தபோது ஒவ்வொரு குழியிலும் ஒரு கூட்டுப்புழு சுருண்டிருந்தது, அப்படியே மூடி வைத்துவிட்டேன். போன வாரம் காயவைத்த முயல் தலை ஒன்று கொடுத்தேன். அன்றிரவே சத்தம் திரும்ப வந்தது! நான்காம் நாள் மூக்குக்குள் இருக்கும் காகிதம் போன்ற எலும்புச் சுருள்கள்கூடச் சேதமில்லாமல் தெரிந்தன. ஆட்டு மண்டையோடும் வாளியிலிருந்து வந்துவிட்டது, ஆனால் தாடை மூட்டருகே மஞ்சளாக, எண்ணெய் பூசியது போல இருக்கிறது. கொதிக்க வைக்கலாமா?

பழையபட்டறை:
கொதிக்க வைக்கவே கூடாது, கொழுப்பு எலும்புக்குள் இன்னும் ஆழமாக இறங்கிவிடும். பாத்திரம் கழுவும் திரவம் கலந்த வெதுவெதுப்பான நீரில் ஊறவையுங்கள். கலங்கும்போதெல்லாம் மாற்றுங்கள். வாரக்கணக்கில் ஆகலாம். நீர் தெளிவாகவே நின்ற பிறகு 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் ஓரிரு நாள். துணிக்குப் போடும் ப்ளீச் வேண்டாம், எலும்பு பொடிந்துபோகும். முயல் மண்டையோட்டை அலமாரியில் வைக்கும் முன் மூன்று நாள் ஃப்ரீசரில் வையுங்கள். உள்ளே ஒளிந்திருக்கும் ஒரு புழு போதும், பக்கத்தில் இருக்கும் பதப்படுத்திய தோல்களையெல்லாம் அரித்துவிடும்.

எலும்புக்கூடை:
முயல் இப்போதே ஃப்ரீசருக்குப் போகிறது. ஆட்டு மண்டையோடு இன்றிரவு ஊறத் தொடங்கும்.