அப்புச்சி வீடு (குடும்ப வாட்ஸ்அப் குரூப்): முருங்கை இலைத் தூள் கம்பெனிக்கு ஐந்து வயது

நான்: எல்லாருக்கும் வணக்கம். வருகிற அக்டோபரோடு நம் கம்பெனிக்கு ஐந்து வருடம். அரவக்குறிச்சி ஷெட்டிலேயே சின்னதாக ஒரு நிகழ்ச்சி வைத்து, கை கொடுத்தவர்களைக் கூப்பிட்டு நன்றி சொல்ல ஆசை. 12ஆம் தேதி, ஞாயிறு. யார் யாரைக் கூப்பிடலாம்?

திருப்பூர் அண்ணன்: சூப்பர் பாப்பா 👏

ஈரோடு சின்னம்மா: சந்தோசம் கண்ணு

திருப்பூர் அண்ணன்: பிரியாணி உண்டா?

அம்மா: 12 புரட்டாசிடா

திருப்பூர் அண்ணன்: அப்போ ஐப்பசியில் வையுங்கள்

நான்: தீபாவளிக்கு அப்புறம் மழை பிடித்துவிடும் அண்ணா. மழையில் வெளியூரில் இருந்து ஐயாவை வரச் சொல்ல முடியாது.

சின்ன மாமா: எந்த ஐயா?

நான்: பேராசிரியர் ஐயா, மாமா. உங்களுக்கு முழுதாகச் சொன்னதில்லை என்று நினைக்கிறேன். 2020இல் முதல் லோடு 40 கிலோ தூள் அப்படியே திரும்பி வந்தது நினைவிருக்கிறதா? மொட்டை மாடியில் வெயிலில் காயவைத்தோம். பச்சை போய் மஞ்சளாகிவிட்டது, ஈரமும் முழுதாகப் போகவில்லை. பத்து கிலோ இலைக்கு ஒரு கிலோ தூள் தேறுவதே பெரிது, அப்படியானால் எத்தனை இலை வீண் என்று பாருங்கள். அப்போதுதான் தெரிந்தவர் ஒருவர் ஐயாவின் நம்பர் கொடுத்தார். உணவுப் பதப்படுத்தல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். போனில் பேசிய மூன்றாம் நாள் பஸ் ஏறி வந்துவிட்டார். இலையைக் கையில் எடுத்துக் கசக்கிப் பார்த்துவிட்டு, காலையில் பறித்ததை அன்றே உருவிவிட வேண்டும், கழுவித் தண்ணீரை முழுக்க வடிய விட வேண்டும், நிழலில் தட்டில் ஒற்றை அடுக்காகப் பரப்ப வேண்டும், சூடு 50 டிகிரியைத் தாண்டக் கூடாது, ஈரம் 10 சதவீதத்துக்குக் கீழே வந்தால்தான் அரைக்க வேண்டும் என்று வரிசையாகச் சொன்னார். எட்டு முறை வந்தார். பணம் நீட்டினால் கையை எடுத்துவிடுவார். ஒரே ஒரு முறை ஒரு பை முருங்கைக்காய் வாங்கிக்கொண்டார்.

ஈரோடு சின்னம்மா: நல்ல மனுசன்

அம்மா: அவருக்குப் பொன்னாடை வாங்க வேண்டும்

பெரிய மாமா: 👍

சின்ன மாமா: அந்த 4,60,000 ரூபாய் கதையையும் சொல் பாப்பா

நான்: சொல்லாமல் இருப்பேனா மாமா. சரக்கை எடுத்த இடத்தில் ஏழு மாதமாகப் பணம் வரவில்லை. போன் எடுக்கவே இல்லை. சின்ன மாமாவின் ஆடிட்டர் நண்பர்தான், உத்யம் பதிவு, அதாவது மத்திய அரசின் சிறு தொழில் பதிவு, இருக்கிறதா என்று முதலில் கேட்டார். இருந்தது. 2006 சட்டப்படி சிறு தொழிலுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால்கூட 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும், ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள்தான் என்றார்.

சின்ன மாமா: தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட் என்ற வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி. அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி.

நான்: அதையெல்லாம் போட்டு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். மூன்றே வாரத்தில் அசல் வந்துவிட்டது. அந்தப் பணம் வராமல் போயிருந்தால் அன்றோடு பூட்டியிருப்பேன். அவரையும் கூப்பிட வேண்டும்.

திருப்பூர் அண்ணன்: எனக்கும் ஒருத்தன் தர வேண்டும். அவர் நம்பர் அனுப்புங்கள் மாமா

சின்ன மாமா: முதலில் உத்யம் போடு

திருப்பூர் அண்ணன்: 🙏

நான்: அடுத்து சின்னம்மாவின் சங்கிலி. ஒன்றரை லட்சத்துக்கு அடகு வைத்துக் கொடுத்தார்கள். மீட்க ஒன்றரை வருடம் ஆயிற்று. அதுவரை இரண்டு கல்யாணத்துக்கு வெறும் மஞ்சள் கயிற்றோடு போய் வந்தார்கள்.

ஈரோடு சின்னம்மா: அதையெல்லாம் எதற்கு குரூப்பில்

நான்: சொல்ல வேண்டும் சின்னம்மா. அப்புறம் இலை காயவைக்கும் டிரையர் வாங்கிய கடன். சிறிய உணவுத் தொழில்களுக்கான மத்திய அரசின் பிஎம்எஃப்எம்இ திட்டத்தில் 35 சதவீத மானியம் என்றாலும் மீதிக் கடனுக்கு ஜாமீன் கேட்டார்கள். பெரிய மாமா ஒரு வார்த்தை கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.

பெரிய அத்தை: எனக்கும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வங்கிக் கடிதம் வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும்.

*பெரிய மாமா: இந்தச் செய்தி அழிக்கப்பட்டது*

அம்மா: அண்ணி, அது அவளுக்குத் தெரியாது

பெரிய அத்தை: நான் அவளைச் சொல்லவில்லை

நான்: அத்தை, அது எனக்கு நிஜமாகவே தெரியாது. தெரிந்திருந்தால் முதலில் உங்களிடம் வந்து நின்றிருப்பேன். அந்தச் சமயத்தில் உங்கள் தூக்கமும் போயிருக்கும். அதற்கும் சேர்த்துத்தான் நன்றி சொல்ல வேண்டும். நாளைக்கு வீட்டுக்கு வருகிறேன்.

பெரிய அத்தை: வா. சாப்பிடாமல் வா.

திருப்பூர் அண்ணன்: வருகிறவர்களுக்கு என்ன கொடுப்பது? தட்டு, டம்ளர் வேண்டாம்

நான்: பெரியகுளம் பிகேஎம்-1 முருங்கை விதை பாக்கெட் என்று யோசித்தேன்

பெரிய அத்தை: முருங்கையை யாரம்மா வாசலில் வைப்பார்கள்

சின்ன மாமா: பின்கட்டில் வைக்கலாம். பிகேஎம்-1, 1989இல் வந்த ரகம். வெட்டி விட வெட்டி விடத் தழைக்கும்.

பெரிய அத்தை: எங்கள் வீட்டுக்குப் பின்கட்டு ஏது

அம்மா: அதை அப்புறம் பார்க்கலாம்

நான்: கடைசியாக ஒன்று. இலை உருவும் பதினொரு அக்காமார். அந்த 4,60,000 நின்ற சமயத்தில் இரண்டு மாதம் கூலி கொடுக்க முடியவில்லை. ஒருவர்கூட வேறு வேலைக்குப் போகவில்லை. "இலை முற்றிவிடும் பாப்பா, பறித்துப் போடுகிறோம், நீ எப்போது வேண்டுமானாலும் கொடு" என்றார்கள். அன்று நான் ஷெட்டுக்குப் பின்னால் போய் அழுதேன். அவர்களை முன்வரிசையில் உட்கார வைக்க வேண்டும், அன்று யாரும் அவர்களை வேலை வாங்கக் கூடாது.

ஈரோடு சின்னம்மா: ஆளுக்கு ஒரு சேலை என் செலவு

அம்மா: அப்போ சமையலுக்கு ஆள் வேண்டுமே

திருப்பூர் அண்ணன்: நான் ஆள் பிடிக்கிறேன். சைவமா அசைவமா அதை மட்டும் சொல்லுங்கள்

நான்: ஐயா இப்போதுதான் போன் செய்தார். பொன்னாடை போடுவதாக இருந்தால் வரமாட்டாராம். புது டிரையர் ஓடுவதைப் பார்க்க வேண்டும், அன்றைக்கு ஒரு லோடு இலை ஏற்றி வை என்கிறார்.

அம்மா: பொன்னாடைக்குச் சொல்லிவிட்டேனே

சின்ன மாமா: சென்னையில் இருந்து நாங்கள் நாலு பேர். ரயில் டிக்கெட் போட வேண்டும், தேதியை முடிவு செய்யுங்கள்.

நான்: பெரிய மாமா, 12ஆ, இல்லை நவம்பர் 2ஆ?

பெரிய மாமா: அத்தையிடம் கேட்டுச் சொல்கிறேன்