கன்ரருக்கு 7.50-16 ரயர் எங்குமே இல்லை. கிடைப்பதில் எதைப் போடலாம்?

தம்புள்ளை ஓட்டம்
9 ஒக்டோபர் 2022

வணக்கம். ஆறு சில்லுக் கன்ரர் லொறி ஒன்று ஓட்டுகிறேன். தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தில் மரக்கறி ஏற்றித் திருநெல்வேலிச் சந்தையில் இறக்குவதுதான் தொழில். திரும்பும்போது வாழைக்குலையோ வெங்காயமோ அகப்பட்டால் ஏற்றுவேன், இல்லாவிட்டால் வெறும் லொறிதான்.

முன் ரயர்கள் இரண்டும் வெளிப்பக்கமாகத் தேய்ந்து, தேய்மான அடையாளக் கட்டையைத் தொட்டுவிட்டன. பின்னால் உள்பக்கத்து இரண்டும் பரவாயில்லை. வெளிப்பக்கத்து இரண்டிலும் பள்ளக் கோடு இருக்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம், அவ்வளவுதான். எல்லாம் நைலோன் (ரேடியல் அல்லாத, நைலோன் நூல் வைத்த வகை), 7.50-16 (அகலம் 7.50, றிம் விட்டம் 16 அங்குலம்).

யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் கேட்டுவிட்டேன். பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் எழுதிவைத்துவிட்டுப் போகச் சொல்கிறார்கள். எப்போது வரும் என்றால், வங்கி எல்.சி. (இறக்குமதிக்கான கடன் கடிதம்) திறந்தால் வரும் என்கிறார்கள். இருக்கும் ஒன்றிரண்டுக்கும் காலையில் சொன்ன விலை மாலையில் இல்லை.

இப்போது வழி மூன்று. ஒரு கடையில் 8.25-16 புது ரயர் இருக்கிறது, அதையே போடச் சொல்கிறார்கள். அனுராதபுரத்தில் ஒருவரிடம் பாவித்த 7.50 இருக்கிறது, பார்வைக்குக் கோடு நல்ல ஆழம். கிளிநொச்சியில் றீபில்ட் ரயர் (பழைய ரயரில் புது மேல் பட்டி ஒட்டியது) நான்கு ஆயத்தமாக இருக்கின்றன. புதியது என்றால் என் கைக்காசு இரண்டுக்குத்தான் போதும். மாரி தொடங்கப் போகிறது. எதைச் செய்வது?

மாங்குளத்தான்
9 ஒக்டோபர் 2022

8.25 போடுங்கள். அதே றிம்மில் ஏறும். எனக்குத் தெரிந்த இரண்டு பேர் போட்டு ஓடுகிறார்கள், லொறியும் உயரமாக அழகாக நிற்கிறது.

பழைய ரயர்காரன்
9 ஒக்டோபர் 2022

மாங்குளத்தாருக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். றிம்மில் ஏறும், உண்மைதான். ஆனால் 8.25 ரயர் 7.50ஐ விட ஏறத்தாழ இரண்டு சென்ரிமீற்றர் அகலம். பின்னால் இரட்டைச் சில்லில் அந்த இரண்டு சென்ரிமீற்றரும் நடுவில் உள்ள இடைவெளியிலிருந்துதான் போகும். வெறும் லொறியாக நிற்கும்போது விரல் நுழையும். நான்கு தொன் பூசணிக்காயை ஏற்றிப் பாருங்கள்: பக்கச் சுவர் இரண்டும் புடைத்து ஒன்றை ஒன்று உரசும், சூடேறும், கனகராயன்குளம் தாண்டுமுன் வெடிக்கும். விட்டமும் ஐந்து சென்ரிமீற்றர் அளவு கூட. முன்னால் போட்டால் முழுவதுமாக வளைக்கும்போது எங்கே தட்டும் என்று பார்க்க வேண்டும். ஆறையும் மாற்றினால் வேகமானி 60 காட்டும்போது நீங்கள் 63, 64இல் போவீர்கள், ஏற்றத்தில் லொறி மூச்சு வாங்கும். அழகாக நிற்கிறதென்றால் கோயில் தேரும் அழகாகத்தான் நிற்கிறது.

இனித் தம்பி, உம்முடைய விடயம். நான் றீபில்ட் பட்டறையில் வேலை செய்து ஓய்ந்தவன். ரயர் விற்பவன் அல்ல என்பதால் கொஞ்சம் நேராகவே பேசலாம்.

எந்த ரயர் கிடைக்கும் என்று தேடித் திரிகிறீர். அதற்கு முன் எந்தச் சில்லுக்கு என்று பிரித்துப் பாரும். முன்சில்லு வெடித்தால் ஸ்ரேரிங் உம்முடைய கையில் இல்லை. பின்னால் நான்கில் ஒன்று வெடித்தால் பெரும்பாலும் ஓரம்கட்டி நிறுத்தலாம். ஆகவே கையில் இருக்கும் காசு முழுவதும் முன்னுக்கு. இரண்டு புது 7.50, ஒரே நிறுவனம், ஒரே மாதிரி. ஒன்று ரேடியல், ஒன்று நைலோன் என்று ஒரே அச்சில் கலக்கவே கூடாது. பிறேக் பிடித்தால் லொறி ஒரு பக்கம் இழுக்கும்.

ரயரின் பக்கச் சுவரை வாசித்துவிட்டு வாங்கும். தட்டுப்பாட்டுக் காலத்தில் அதே அளவில் 10 பிளை (வலுவைக் குறிக்கும் அடுக்கு எண்) ரயரையும் தூக்கித் தருவார்கள், அது உம்முடைய சுமைக்கு அல்ல. 7.50-16இல் பலவற்றில் 122/118 என்று ஒரு இலக்கம் இருக்கும். தனிச் சில்லாகப் போட்டால் 1500 கிலோ, இரட்டையாகப் போட்டால் ஒவ்வொன்றும் 1320 கிலோ தாங்கும் என்பது அதன் பொருள். அதற்குக் குறைந்தால் கடையிலேயே விட்டுவிட்டு வாரும். டி.ஓ.ரி. என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கம் பிறந்த திகதி: 2316 என்றால் 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். இந்தக் காலத்தில் கடைகளின் பின்னறைகளில் இருந்து பழையதெல்லாம் எழுந்து வருகின்றன. மேலே பளபளப்பாகத்தான் இருக்கும், மினுக்கி பூசியிருப்பார்கள். பக்கச் சுவரை மடித்து அழுத்திப் பார்த்தால் மயிரிழை போன்ற வெடிப்புகள் தெரியும்.

போடுவதற்கு முன் இன்னொன்று. இரண்டு முன்ரயரும் வெளிப்பக்கம் மட்டும் தேய்ந்திருக்கின்றன என்று எழுதியிருக்கிறீர். அது ரயரின் குற்றம் அல்ல. சில்லுகள் முன்னால் உள்நோக்கிக் கூடிப்போயிருக்கின்றன. கிங் பின் (முன்சில்லு திரும்பும் அச்சாணி) ஆட்டத்தையும் பார்த்து, சில்லு நேர்ப்படுத்திய பிறகே புதியதை ஏற்றும். இல்லாவிட்டால் அடுத்த மாரிக்கும் இதே கேள்வியோடு வருவீர்.

அனுராதபுரத்து ரயரில்தான் எனக்குச் சந்தேகம். தேய்ந்த ரயரில் சூடான கத்தியால் புதுக் கோடு கீறி விற்பது இங்கே பழைய தொழில். கண்டுபிடிப்பது இலகு. நீர் சொன்ன அந்தத் தேய்மான அடையாளக் கட்டை கோட்டின் அடியில் குறுக்காக இருக்க வேண்டும். கத்தி போன இடத்தில் அதுவும் போயிருக்கும். கோட்டின் அடியில் நூல் தெரிகிறதா என்றும் பாரும். பிறகு உள்ளே கையை விட்டுத் தடவும். கறுப்புத் தூள் கையில் ஒட்டினால், அல்லது உள்சுவரில் சுருக்கம் தட்டுப்பட்டால், காற்று இறங்கியபடியே யாரோ ஓட்டியிருக்கிறார்கள். அந்த உடல் (மேல் பட்டிக்கு அடியில் சுமை தாங்கும் கூடு) செத்துப்போனது.

கிளிநொச்சி றீபில்ட் நான்கையும் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அதைவிட நல்லது உம்முடைய லொறிக்குக் கீழேயே இருக்கிறது. ஒரு ரயரில் விலை போவது உடலுக்கு, தரையில் தேய்வது மேல் பட்டி மட்டும். யாருடைய லொறியில் எவ்வளவு சுமை தூக்கியது என்று தெரியாத உடலை வாங்குவதைவிட, நீர் ஓட்டிய உடலுக்குப் பட்டி ஒட்டுவித்துப் பின்னால் போடும். கோடு முழுவதும் அழிந்து நூல் தெரிந்த பிறகு கொண்டுவந்தால் பட்டறையில் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. மூன்று நான்கு மில்லிமீற்றர் இருக்கும்போதே கழற்ற வேண்டும். நம்முடைய ஆட்கள் கடைசித் துளி வரை ஓட்டிவிட்டு, பட்டறைக்காரன் திருப்பி அனுப்பிவிட்டான் என்று ஏசுவார்கள். உம்முடைய பின்வெளி இரண்டும் அந்த எல்லையில் நிற்கின்றன. நாளைக்கே கழற்றும்.

இறப்பர் விளையும் நாட்டில் ரயர் இல்லையா என்று சந்தையில் கேட்கிறார்கள். 1876இலேயே கம்பகா ஹெனரத்கொடைக்கு இறப்பர்க் கன்று வந்துவிட்டது, சரி. போர்க்லிப்ட் வாகனத்துக்கான திண்ம ரயரை இன்றும் உலகுக்கே ஏற்றுமதி செய்கிறோம். களனியில் சியட் ரயரும் செய்கிறார்கள். ஆனால் லொறி ரயருக்குள் கார்பன் கறுப்பு, கம்பி, செயற்கை இறப்பர் என்று வெளியிலிருந்து வருவது நிறைய. 2020இலிருந்தே இறக்குமதிக்குக் கட்டுப்பாடு. இந்த மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. பால் வெட்டும் கத்தி மட்டும் நம்முடையதாக இருந்து என்ன செய்வது?

கணக்கு அக்கா
10 ஒக்டோபர் 2022

ஐயா சொன்னதில் பெரும்பகுதி சரி. ஒரு இடத்தில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. பின்வெளி இரண்டையும் கழற்றிப் பட்டறைக்கு அனுப்பினால் லொறி எதில் ஓடும்? பட்டறையிலும் இப்போது வரிசை. ஓடாத நாட்களுக்கும் லீசிங் தவணை கட்ட வேண்டும்.

எங்களிடம் இரண்டு லொறி. வாரத்துக்கு இவ்வளவு என்று எரிபொருள் கியூஆர் அட்டையில் கிடைக்கும் டீசல் இரண்டுக்கும் காணாது என்பதால் ஒன்றைக் கல்லில் ஏற்றி வைத்துவிட்டு, அதன் ரயர்களை மற்றதற்குப் போட்டோம். கழற்றியவை பட்டறைக்குப் போயின. தம்பி, உங்களிடம் ஒரு லொறிதான். ஆனால் உங்கள் சந்தையில் நிற்கும் யாருடைய கன்ரராவது உதிரிப்பாகம் இல்லாமல் படுத்திருக்கும். வாடகைக்குக் கேட்டுப் பாருங்கள். நாங்கள் அப்படி ஒருவருக்குக் கொடுத்தோம். ஓட்டத்துக்கு இவ்வளவு என்று பேசி, எழுதி, இரண்டு பேரும் கையொப்பம் வைத்தோம். உறவினர் என்றாலும் எழுதுங்கள்.

புது ரயருக்கு முற்பணம் கொடுப்பதாக இருந்தால் அளவு, பிளை, நிறுவனம், விலை நான்கையும் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். "ரயர் 2" என்று மட்டும் எழுதிய சீட்டோடு எங்கள் வீட்டுக்காரர் திரும்பிய நாளில் சமையல் நடக்கவில்லை.

தம்புள்ளை ஓட்டம்
12 ஒக்டோபர் 2022

எல்லோருக்கும் நன்றி. அனுராதபுரத்து ரயரைப் பார்த்தேன். அடையாளக் கட்டை ஒன்றுகூட இல்லை. திரும்பி வந்துவிட்டேன். அக்கா சொன்னபடி கொடிகாமத்தில் ஒருவரிடம் இரண்டு ரயர் வாடகைக்குப் பேசியிருக்கிறேன். அவற்றில் கோடு கொஞ்சம் கூட. என்னுடைய உள்ரயரோடு சோடி சேருமா?

பழைய ரயர்காரன்
12 ஒக்டோபர் 2022

அக்காவின் யோசனை என்னுடையதைவிட நன்று. லீசிங் தவணை எனக்கு நினைவில் வரவில்லை, பட்டறைக்காரனுக்கு அது வராது.

சோடி சேருமா என்பதைக் கண்ணால் பார்க்காமல் அளந்து பாரும். காற்றைச் சரியாக நிரப்பி, நடுக்கோட்டைச் சுற்றி நீளாத நூலைப் பிடியும். இரண்டின் சுற்றளவுக்கும் வித்தியாசம் 19 மில்லிமீற்றருக்குள் நின்றால் விட்டத்தில் 6 மில்லிமீற்றர், அதுவரை ஓடலாம். அதற்கு மேல் போனால் பெரியது சுமையைத் தனியே தூக்கும், சின்னது தரையில் இழுபட்டுத் தேயும். வித்தியாசம் எல்லைக்குள் இருந்தால் பெரியதை வெளியே போடும். உமக்கு வாடகை ரயர் வெளியே வருவதால் மாற்ற வேலை இல்லை. அப்படிச் சேராவிட்டால் வாடகை இரண்டையும் ஒரே பக்கத்தில் சோடியாக்கி, உம்முடைய உள்ரயர் இரண்டையும் மறுபக்கம் சோடியாக்கும். இரண்டு பக்கத்து உயரமும் கொஞ்சம் மாறும், டிபரென்சல் (பின் அச்சின் பற்சக்கரப் பெட்டி) முறைத்துக்கொள்ளும், ஆனால் பட்டறை ரயர் வரும் வரைக்குத் தாங்கும். உள்ரயரின் காற்றைத் தட்டிப் பார்த்து முடிவு செய்யாமல் காற்றுமானியால் அளந்து பாரும். ஏ9 வீதி வெயிலில் அதுதான் முதலில் போகிறது.

ரயர்களைப் பட்டறையில் கொடுக்கும்போது பக்கச் சுவரில் உள்ள தொடர் இலக்கத்தைத் தொலைபேசியில் படம் எடுத்துக்கொள்ளும். இப்போதைய நெரிசலில் உம்முடைய உடல் வேறொருவருக்கும் வேறொருவருடையது உமக்கும் வந்து சேரும். பட்டி ஒட்டிய பிறகு எல்லாம் ஒரே கறுப்பு.