வார்ம் வைட் எல்இடி லாந்தர்: கூடாரத்துக்கும் கரண்ட் போகும் இரவுக்கும் ஒன்றே போதுமா?

கூடாரவாசி கேட்டது:

வணக்கம். கூடாரத்திலும், வீட்டில் கரண்ட் போனாலும் உதவுகிற மாதிரி ஒரே ஒரு எல்இடி லாந்தர் வாங்கணும். பளீர் வெள்ளை வேண்டாம், கண்ணுக்கு இதமான மஞ்சள் ஒளிதான் வேண்டும். நாலு பேர் படுக்கிற கூடாரம், சார்ஜ் செய்ய வழியில்லாமல் மூன்று இரவு. வீட்டில் ஒரு அறைக்கு ஆறு மணி நேரமாவது தாங்கணும். பெட்டிகளில் "1000 லூமன்" என்றும் "200 மணி நேரம்" என்றும் பக்கத்திலேயே போட்டிருக்கிறார்கள். இது எப்படி? 2700 கெல்வினா 3000 கெல்வினா? சோலார் பேனல் வைத்தது உபயோகமா?

மின்கம்பி:

1000 லூமன் உச்ச வெளிச்சத்தில், 200 மணி நேரம் மிகக் குறைந்த வெளிச்சத்தில். இரண்டும் ஒன்றாகக் கிடைக்காது. இன்னொன்றும் உண்டு. டார்ச், லாந்தர்களை அளக்கும் ஏஎன்எஸ்ஐ எஃப்எல்1 என்ற தரமுறைப்படி அளக்கும்போது, ஆரம்ப வெளிச்சம் 10 சதவீதமாகக் குறையும் வரை "எரியும் நேரம்" என்றுதான் கணக்கு. 300 லூமனில் தொடங்கி 30 லூமனுக்கு மங்கி, அப்படியே இழுத்துக்கொண்டு போன நேரமும் அதில் சேரும்.

அதனால் பெட்டியை விட்டுவிட்டு வாட்-மணியை, அதாவது பேட்டரியில் அடங்கும் மின்சக்தியைப் பாருங்கள். வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கினால் போதும். 5000 எம்ஏஎச் (5 ஆம்பியர்-மணி) உள்ள 21700 அளவு லித்தியம் செல் ஒன்று: 3.6 வோல்ட் × 5 = 18 வாட்-மணி. டிரைவரிலும் (எல்இடிக்குக் கரண்டைச் சீராகக் கொடுக்கிற சர்க்யூட்) மேல் மூடியிலும் போகிற இழப்பைக் கழித்து, நல்ல வார்ம் லாந்தரில் வாட்டுக்கு 80 லூமன் என்று வைத்துக்கொள்ளலாம். 18 × 80 = 1440. இதை லூமன்-மணி என்று கொண்டால், 100 லூமனில் சுமார் 14 மணி நேரம், 240 லூமனில் 6 மணி நேரம்.

உங்கள் தேவையை இதில் பொருத்திப் பாருங்கள். கூடாரத்தில் மாலை நாலு மணி நேரம் 60 லூமன், பிறகு விடிய விடிய எட்டு மணி நேரம் 5 லூமன். ஒரு இரவுக்கு 280 லூமன்-மணி, மூன்று இரவுக்கு 840. வீட்டு அறைக்கு 150 லூமனில் ஆறு மணி நேரம் என்றால் 900. ஒவ்வொரு தடவையும் முழுதாக ஏற்றிக்கொண்டால், ஒரு 21700 செல்லே இரண்டு தேவைக்கும் தனித்தனியாகப் போதும். ஆக, நீங்கள் துருவிப் பார்க்க வேண்டியது உச்ச வெளிச்சத்தை அல்ல, மிகக் குறைந்த நிலை எத்தனை லூமன் என்பதை. பல லாந்தர்களில் அதுவே 30, 40 என்று இருக்கும். படுத்த பிறகு நாலு பேர் கண்ணிலும் அடிக்கும்.

18650 என்ற, இதைவிடச் சிறிய செல் போடுகிற மாடல் என்றால் ஒரு எச்சரிக்கை. அந்த அளவு செல்லில் நிஜமாகக் கிடைப்பது ஏறக்குறைய 3500 எம்ஏஎச் வரைதான். மேலே 6000, 9900 என்று அச்சடித்திருந்தால் போலி, யோசிக்கவே வேண்டாம்.

நிறமானி:

கெல்வின் என்பது ஒளியின் நிறத்தைச் சொல்லும் எண். 2700க்கும் 3000க்கும் வித்தியாசம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். அதில் நேரத்தைச் செலவிடாதீர்கள். சிஆர்ஐ, அதாவது நிறங்களை எவ்வளவு நிஜமாகக் காட்டுகிறது என்ற மதிப்பெண், 90க்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். மஞ்சள் ஒளியில் சிஆர்ஐ குறைவாக இருந்தால் பழுப்பு ஒயரும் சிவப்பு ஒயரும் ஒன்றுபோலத் தெரியும். காயத்தைச் சுற்றிய சிவப்பு தெரியாது. அவசர நேரத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

வார்ம் என்ற பெயரில் கூல் வைட் (பளீர் வெள்ளை) எல்இடி மேல் மஞ்சள் பிளாஸ்டிக் மூடியைப் போட்டு விற்பதும் உண்டு. வெளிச்சத்தில் ஒரு பங்கு மூடியிலேயே போய்விடும், நிறங்களும் செத்துப்போய்த் தெரியும். மூடி கழன்று வந்தால், விளக்கை அணைத்துவிட்டு எல்இடியின் முகத்தைப் பாருங்கள். எலுமிச்சை மஞ்சளாக இருந்தால் கூல் வைட். ஆரஞ்சு கலந்த அடர்மஞ்சளாக இருந்தால் வார்ம்.

பூச்சி விஷயத்தில் வார்ம் ஒளிக்கு நிஜமான ஆதாயம் உண்டு. நீல ஒளி குறைந்தால் விட்டில், ஈசல் வருவது குறையும், ஆனால் அடியோடு நிற்காது. ஜிப் வாசலை ஒட்டித் தொங்கவிடாமல் இருப்பதும் அதே அளவு முக்கியம்.

கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் ஒளி அணைந்து அணைந்து எரிகிறதா என்ற துடிப்பையும் சோதியுங்கள். குறைந்த நிலையில் வைத்து, முன்னால் ஒரு பேனாவை வேகமாக ஆட்டுங்கள். சீரான மங்கலாகத் தெரிந்தால் சரி. தனித்தனியாகப் பல பேனா தெரிந்தால் அந்த விளக்கில் படிக்க உட்கார்ந்தால் தலை வலிக்கும். உச்ச நிலையில் மட்டும் சோதித்தால் இந்தக் குறை பிடிபடாது.

கூடாரவாசி:

கணக்கு தெளிவாகிவிட்டது, மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். ஒரு மாடலுக்கு "யுஎஸ்பி-சி இருக்கிறது, ஆனால் போன் சார்ஜரில் ஏறவில்லை" என்று நிறைய பேர் எழுதியிருக்கிறார்கள். அப்புறம், மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்தால் தேவைப்படும் அன்று எரியுமா?

செல்பெட்டி:

யுஎஸ்பி-சி துளைக்குப் பின்னால் 5.1 கிலோ ஓம் மின்தடை இரண்டு இருக்க வேண்டும். காசை மிச்சம் பிடிக்க அதை விட்டுவிட்டால், இருபக்கமும் சி உள்ள கேபிளில் சார்ஜர் 5 வோல்ட்டைத் திறக்கவே திறக்காது. ஒரு பக்கம் பழைய அகல ஏ முனை உள்ள கேபிளில் ஏறும். அந்த மாடலையே வாங்கினால் அந்தக் கேபிளை லாந்தரோடு கட்டிவையுங்கள்.

அலமாரியில் கிடக்கும்போது பேட்டரியைக் காலி செய்வது பெரும்பாலும் சுவிட்சுதான். மெதுவாக அழுத்துகிற எலக்ட்ரானிக் சுவிட்ச் அணைந்திருக்கும்போதும் கொஞ்சம் கரண்ட் இழுக்கும். கழற்றும் செல் உள்ள லாந்தரில் அடிமூடியைக் கால் சுற்றுத் தளர்த்தினால் பல மாடல்களில் தொடர்பு அறுந்துவிடும். உள்ளே வைத்து மூடிய பேட்டரியில் இதற்கு வழியில்லை, செல் செத்தால் லாந்தரும் போச்சு. கழற்றும் செல்லையே வாங்குங்கள். லித்தியம் செல் பாதி சார்ஜில் வைத்தால்தான் நீண்ட நாள் உழைக்கும்.

ஏஏ அல்லது டி ஆல்கலைன் பேட்டரி போடுகிற மாடல் என்றால், உள்ளே போட்டு வைக்காதீர்கள். கசிந்து, ஸ்பிரிங் மேல் வெள்ளைப் பொருக்குப் படிந்து, தொடர்பே போய்விடும். கசிந்துவிட்டால் பஞ்சில் வினிகர் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிட்டுப் போடலாம்.

சோலார்: லாந்தர் தலையில் ஒட்டுகிற பேனல் அரை வாட் என்று வைத்துக்கொண்டாலும் 18 வாட்-மணியை நிரப்ப 36 மணி நேரம் முழு வெயில் வேண்டும், இழப்பு தனி. அதற்குள் செல்லும் வெயிலில் வேகும். லித்தியம் செல்லுக்குச் சார்ஜ் ஏற்ற 45 டிகிரி செல்சியஸ்தான் வழக்கமான மேல் வரம்பு. வேண்டாம்.

மின்கம்பி:

பாதி சார்ஜ் என்பதில் மட்டும் உடன்பாடில்லை. அவசரத்துக்கு என்று வைத்த விளக்கு பாதி நேரத்தில் அணைந்தால் என்ன பயன்? 80 சதவீதத்தில் வையுங்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை எரியவிட்டுப் பார்த்து மறுபடி ஏற்றுங்கள். செல்லின் ஆயுள் கொஞ்சம் குறையும், குறையட்டும்.

செல்பெட்டி:

ஒரே செல்தான் என்றால் நீங்கள் சொல்வது சரி. இரண்டு இருந்தால் ஒன்றை நிரப்பி லாந்தரில் போட்டு, மற்றதைப் பாதியில் பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம். சாவி, சில்லறையோடு வெறும் செல்லைப் பையில் போடக் கூடாது, ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கும்.

மழைக்கு ஐபிஎக்ஸ்4 (எந்தப் பக்கமிருந்து தண்ணீர் தெறித்தாலும் தாங்கும் தரம்) போதும், சார்ஜ் துளையின் ரப்பர் மூடி இறுக்கமாக உட்காரும் வரை. வாங்கியதும், திருப்பிக் கொடுக்கிற கெடு முடிவதற்குள், முழுதாக ஏற்றி 100 லூமனுக்குப் பக்கத்தில் உள்ள நிலையில் எரியவிட்டு நேரத்தைக் குறியுங்கள். 18 வாட்-மணி செல் 10 மணி நேரத்துக்கு முன்பே அணைந்தால் செல்லோ டிரைவரோ சரியில்லை, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.