காப்பீடு இல்லாத வண்டி மோதினால் இழப்பை யார் ஈடுசெய்வது?

கேள்வி (காரைக்குடி): டெக்சாசில் கார் ஓட்டும் என் மகள், காப்பீடு இல்லாதவர் மோதினால் ஈடுகொடுக்கும் பிரிவைத் தன் பாலிசியில் சேர்க்கலாமா என்று கேட்கிறாள். தேவகோட்டைச் சாலையில் ஸ்கூட்டர் ஓட்டும் எனக்கும் அப்படியொன்று உண்டா?

மறுமொழி 1: ஐயா, மகள் அவசியம் சேர்க்கட்டும். அங்கே ஓட்டுநர் வைத்திருக்க வேண்டிய குறைந்தபட்சக் காப்பு, காயமடையும் ஒருவருக்கு 30,000 டாலர்தான். ஓர் அறுவை சிகிச்சையே அதைத் தாண்டிவிடக்கூடும் என்பதால், மோதியவரிடம் காப்பீடு இருந்தும் போதாத நிலைக்கான காப்பையும் சேர்த்தே கேட்க வேண்டும். நிறுவனம் இதை அளித்தாக வேண்டும், வேண்டாமென்றால் வாடிக்கையாளர் எழுத்தில் மறுக்க வேண்டும் என்பது அம்மாநிலச் சட்டம். அந்த மறுப்புத் தாளில் கையெழுத்திட வேண்டாம்.

மறுமொழி 2: நம் வழக்கமான வாகனப் பாலிசியில் அத்தகைய பிரிவு இல்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் மூன்றாம் நபர் காப்பீட்டை (நம் வண்டியால் பிறருக்கு நேரும் இழப்பை ஈடுசெய்வது) கட்டாயமாக்கியுள்ளது; அது இல்லாத வண்டி மோதினால், தீர்ப்பாயம் ஆணையிட்ட பிறகும், வசதியற்ற உரிமையாளரிடம் பணம் பெறுவது மிகக் கடினம். மோதிவிட்டுத் தப்பிய வண்டியென்றால், அரசுத் திட்டத்தில் மரணத்திற்கு 2 லட்சமும் பலத்த காயத்திற்கு 50,000 ரூபாயும் மட்டுமே கிடைக்கும். ஆகவே 15 லட்சம் ரூபாய்த் தனிநபர் விபத்துக் காப்பைக் கைவிடாதீர்கள். அது மரணத்திற்கும் நிரந்தர ஊனத்திற்கும் மட்டுமே என்பதால், மருத்துவக் காப்பீடும் தனியே தேவை.

கேட்டவர்: பின்னால் அமரும் ஆச்சிக்கும் அந்த விபத்துக் காப்பு பொருந்துமா?

மறுமொழி 2: பொருந்தாது, ஐயா. அது வண்டியை ஓட்டும் உரிமையாளருக்கு மட்டுமே; ஆச்சிக்குத் தனியாகச் சேர்க்கச் சொல்லுங்கள்.