ரெஃப்யூஜியத்துக்குத் தமிழ்: அடைக்கலத்தொட்டியா, பாசித்தொட்டியா, வேறா?

குழுவினருக்கு வணக்கம்.

வீட்டில் பவளத்தொட்டி வைக்கத் திட்டமிடுவோருக்காகக் கையேடு ஒன்று எழுதிவருகிறேன். ரெஃப்யூஜியம் என்ற சொல்லில் வந்து சிக்கிக்கொண்டேன். பவளமும் மீனும் இருக்கும் காட்சித்தொட்டியிலிருந்து வழியும் உப்புநீர் கீழே உள்ள துணைத்தொட்டியான சம்ப்புக்கு வந்து, பம்பு வழியே மேலே திரும்புகிறது. அங்கே ஒரு தடுப்புக்குள் பாசி, கல், மணல் வைத்து, தனி விளக்குப் போட்டு, மீனை மட்டும் உள்ளே விடாமல் பார்த்துக்கொள்கிறார்கள். அதுதான் ரெஃப்யூஜியம். தனித் தொட்டியாக வைப்பவர்களும் உண்டு. இப்போதைக்கு "அடைக்கலத்தொட்டி" என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

———

ஐயா, எதற்கு இவ்வளவு யோசனை? பாசித்தொட்டி என்று எழுதுங்கள். பார்த்தவுடன் புரியும். கொஞ்சம் அழகாக வேண்டுமென்றால் "நாற்றங்கால்" இருக்கிறது.

———

> இப்போதைக்கு "அடைக்கலத்தொட்டி" என்று போட்டிருக்கிறேன்
> பாசித்தொட்டி என்று எழுதுங்கள்

இரண்டிலும் எனக்கு உடன்பாடில்லை.

அடைக்கலத்தொட்டி என்று படித்தால், நோய்ப்பட்ட மீனைப் பிரித்து வைக்கும் தொட்டி என்றுதான் யாரும் எடுத்துக்கொள்வார்கள். அது வேறு. அதில் செம்பு கலந்த மருந்து ஊற்றுவார்கள்; அதே மருந்து ரெஃப்யூஜியத்துக்குள் போனால் அங்கிருக்கும் முதுகெலும்பில்லாச் சிற்றுயிர்கள் அத்தனையும் காலி. பெயர்க்குழப்பம் உயிருக்கே உலை வைக்கும் இடம் இது.

இங்கே ஒளிய வருவது மீன் இல்லை, மீனுக்கு இரையாகக்கூடியவை: துடுப்புக்காலிகள் (கோப்பிபாடுகள்), ஆம்பிபாடுகள் என்ற சின்னஞ்சிறு ஓட்டுடலிகள், புழுக்கள். காட்சித்தொட்டியில் தலைகாட்டினால் விழுங்கப்பட்டுவிடும் இவை, இந்தத் தடுப்புக்குள் பயமின்றிப் பெருகி, பம்பு வழியே கொஞ்சம் கொஞ்சமாக மேலே போய்ச் சேர்கின்றன. மாண்டரின் மீன் வளர்க்க ஆசைப்படுகிறவருக்கு இது இல்லாமல் ஆகாது. பகல் முழுக்கக் கல்லிடுக்கில் துடுப்புக்காலிகளைக் கொத்திக்கொண்டே இருக்கும் மீன் அது. உலர்தீனியைப் பெரும்பாலும் சீண்டாது.

பாசித்தொட்டியிலும் வில்லங்கம் உண்டு. பாசியே இல்லாமல், கல்சில்லுகளை மட்டும் இருட்டில் குவித்து வைத்தாலும் அது ரெஃப்யூஜியம்தான். மறுபுறம், குழாய் போன்ற மூடிய கலத்தில் கடும் வெளிச்சத்தில் பாசி வளர்க்கிறார்களே, அது பாசியை மட்டும் கருதிச் செய்வது. சிற்றுயிர்கள் அதில் குடியேறினாலும் அது நோக்கமில்லை. பெயரிலேயே பாசி என்று வைத்துவிட்டால், திட்டமிடுகிறவர் பாசியை மட்டும் பார்த்து விளக்கு வாங்குவார்; கல்லையும் மணலையும் மறந்துவிடுவார்.

பாசியின் வேலையைக் குறைத்துச் சொல்லவில்லை. கீட்டோமார்ஃபா என்ற பாசியை ஒரு பிடி எடுத்தால், பாத்திரம் தேய்க்கும் கம்பிச்சுருள் பச்சையானதுபோல் இருக்கும். வெள்ளைத் தட்டின்மேல் பிடித்து உதறினால் வளைந்த முதுகோடு ஆம்பிபாடுகள் பக்கவாட்டில் துடித்து ஓடும். பாசியும் புகலும் ஒரே கைப்பிடியில்! அந்தப் பாசி நீரிலிருந்து நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் உறிஞ்சி வளர்கிறது. நாம் அறுத்து வெளியே எடுக்கும்போதுதான் அவை தொட்டியைவிட்டுப் போகின்றன. அறுக்காமல் விட்டால் பயனில்லை. எடுக்கும் விகிதமும் ஒன்றுபோல் இராது. கடற்பாசி உடலில் கரி, நைட்ரஜன், பாஸ்பரஸ் அணுக்கள் சராசரியாக 550:30:1 என்று 1983-ல் அட்கின்சனும் ஸ்மித்தும் கணக்கிட்டார்கள். மிதவையுயிரிகளுக்குச் சொல்லப்படும் 106:16:1 என்ற ரெட்ஃபீல்டு விகிதத்திலிருந்து இது வெகுதூரம். எடைக்கணக்கில், 1 மில்லிகிராம் பாஸ்பேட் குறையும்போது ஏறக்குறைய 20 மில்லிகிராம் நைட்ரேட் போய்விடும். நைட்ரேட் முதலில் தீர்ந்து, பாஸ்பேட் மிஞ்சி, பாசி வெளுப்பது இதனால்தான்.

நாற்றங்கால் நல்ல சொல். ஆனால் நாற்று என்றால் பிடுங்கி வேறிடத்தில் நட வேண்டும். இங்கே யாரும் நடுவதில்லை.

என் பரிந்துரை: "புகல்" என்பதை வேராக வைத்துக்கொள்வோம். புகல்தொட்டி, புகல்பெட்டி, புகல்விளக்கு என்று எதோடும் சேரும். தொட்டியா, சம்ப்பின் தடுப்பா, பக்கத்தில் தொங்கும் பெட்டியா என்பதைப் பின்னொட்டு பார்த்துக்கொள்ளும்.

———

அம்மாவின் "புகல்" பிடித்திருக்கிறது. ஆனால் புகல்தொட்டி என்று எழுத எனக்குக் கை வரவில்லை. கல்லும் தூணும் கற்றூண் ஆவதுபோல இது புகற்றொட்டி ஆக வேண்டும். புகற்றொட்டியை எவன் வாங்குவான்? உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லைச் சேருங்கள், வம்பே இல்லை: புகலறை, புகலகம். "புகலி" என்று சுருக்க யாராவது கிளம்புமுன் சொல்லிவிடுகிறேன், அது சீர்காழியின் பன்னிரு பெயர்களில் ஒன்று.

இன்னொன்று. ரெஃப்யூஜியம் உயிர்ப்புவியியலிலும் வரும். கடைசிப் பனியூழியில் ஐபீரியா, இத்தாலி, பால்கன் தீபகற்பங்களில் மரங்களும் விலங்குகளும் தாக்குப்பிடித்துப் பிறகு வடக்கே பரவின. ஒரே சொல் இரண்டுக்கும் ஆகுமா?

———

இரண்டுக்கும் ஒரே சொல் வேண்டாம் ஐயா. நிலப்பரப்புக்குப் புகலிடம் பொருத்தம், அது அங்கேயே இருக்கட்டும். புணர்ச்சி பற்றிச் சொன்னது சரி, புகல்தொட்டியைக் கைவிடுகிறேன். புகலகம் என்றால் வாசலில் பெயர்ப்பலகையும் உள்ளே ஒரு மேலாளரும் இருப்பதுபோல் தோன்றுகிறது. ஆகவே புகலறை.

தனித் தொட்டியை அறை என்பதா என்று கேட்பார்கள். எத்தனை கண்ணாடித் தொட்டிகள் இருந்தாலும் சுற்றுவது ஒரே நீர். உப்பும் வெப்பமும் எல்லாவற்றிலும் ஒன்று. அந்த நீருக்கு இது ஓர் அறைதான். சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் "எங்கிருந்து நீர் வரும், எங்கே போகும்?" என்ற கேள்வி எழுந்தால் எனக்கு அது போதும்.

———

புகலறையையே எடுத்துக்கொள்கிறேன். வாக்கியத்தில் உட்காருகிறதா என்று ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன்:

"புகலறையின் அளவை முடிவுசெய்யுமுன் மின்சாரம் நின்றால் என்ன ஆகும் என்று கணக்கிடுங்கள். 120 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலமுள்ள காட்சித்தொட்டியில் நீர்மட்டம் 3 செ.மீ. இறங்கினால் 21.6 லிட்டர் கீழே வரும். குழாய்களில் நிற்கும் நீரும் சேரும். சம்ப்பில் அதற்கு இடம் விட்டபின் மிஞ்சுவதே புகலறைக்கு. புகலறை விளக்கு இரவில் எரியட்டும்: காட்சித்தொட்டியில் ஒளிச்சேர்க்கை நின்று கரியமில வாயு கூடி பிஎச் இறங்கும் நேரத்தில், புகலறைப் பாசி அந்த வாயுவை எடுத்துக்கொள்ளும். காலெர்பா வைப்பவர் கவனிக்க: கிளைத்துப் படர்ந்தாலும் அது ஒரே செல்லாலான பாசி. இனப்பெருக்கத்துக்குத் திரும்பினால் உள்ளீடு முழுவதையும் நீரில் கொட்டிவிட்டு வெற்றுக்கூடாகிவிடும், தொட்டி கலங்கும். அறுத்ததை வடிகாலில் போடாதீர்கள். 1984-ல் மொனாக்கோ அருகே காணப்பட்ட காலெர்பா டாக்சிஃபோலியா பின்னர் மத்தியதரைக்கடலில் பெரும்பரப்பில் பரவிவிட்டது."

எனக்கு இடிக்கவில்லை. சம்ப் அப்படியே இருக்கட்டும், அதைத் தமிழாக்கினால்தான் புரியாது. நீரின் கழிவை நுரையோடு பிரித்தெடுக்கும் ஸ்கிம்மருக்கு "நுரைபிரிப்பி" என்று போட்டிருக்கிறேன், ஆட்சேபம் இருந்தால் தனி இழையில் சொல்லுங்கள்.